கிழமை கேட்ட அண்ணன்

வடிவம்மாளுக்குக் கிழமை தெரியாது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ராகம் போட்டு ஒப்பித்துவிடுவாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் மட்டும் கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மணி பார்க்கவும் வராது. அதனால் அவளுக்கு எதுவுமே நினைவில் நிற்காது என்று தெருவில் பலரும் நினைத்தார்கள். அது தப்பு. ‘மைனி சொதிக் குழம்பு வச்ச அன்னைக்கு’, ‘பக்கத்து வீட்டுப் பசு கன்னு போட்ட அன்னைக்கு’, ‘கரண்டு போயி எல்லாரும் வாசல்ல உக்காந்திருந்த அன்னைக்கு’ என்று அவளிடம் தனியாக ஒரு காலண்டர் இருந்தது. நடந்தது எதுவும் அதிலிருந்து அழியாது. அந்தக் காலண்டரைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவளுடைய அம்மா. இன்னொருவர் அண்ணன் சுந்தரபாண்டி.

சுந்தரபாண்டி போலீஸ்காரர். தங்கையை விடப் பத்து வயது மூத்தவர். தங்கைக்கு எழுத்து ஏறவில்லை என்று இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டபோது, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். ‘லூசு’ என்று அவளைக் கூப்பிட்ட பையன்களின் சட்டையைக் கிழித்துவிட்டு வந்து, அம்மாவிடம் அடி வாங்கியவரும் அவர்தான். அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவும் போன பிறகு வடிவு அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணன் மனைவி ஜெயசித்ரா, வடிவுக்கு மைனி, அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். அவளும் வடிவை ஒரு குறை வைக்காமல்தான் பார்த்துக்கொண்டாள்.

அப்போதெல்லாம் வடிவு தென்காசியில் தனியாக நடமாடுவாள். பால் வாங்கப் போவாள். ரேஷன் கடை வரிசையில் நிற்பாள். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தெருப் பெண்களோடு பஸ் ஏறி ஐந்தருவிக்குக் குளிக்கப் போவாள். தலையில் தண்ணீர் அடிக்கும்போது வாய்விட்டுச் சிரிப்பாள். கரையேறி நிற்பவர்களுக்கும் அந்தச் சிரிப்பு கேட்கும். தெரு முனையிலிருந்த மாவு மில்லுக்கு அரிசியும் மிளகாயும் திரிக்கக் கொண்டுபோவதும் அவள்தான்.

மில்லுக்காரர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. அம்மன் கோயில் கொடை விழாக் கமிட்டியில் முதல் ஆள். ஒரு வீட்டில் துக்கம் என்றால் பந்தல்காரனுக்கு முன்னால் வந்து நிற்பார். கடையத்தில் ஜெயசித்ராவைப் பெண் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் நடந்து பேசி, சுந்தரபாண்டிக்குக் கட்டிவைத்தவரும் அவர்தான்.

அம்மா இறந்த அடுத்த வருடம், ஆடி மாதம். சுந்தரபாண்டி அப்போது ஏட்டு. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் இலையை விரித்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். ஜெயசித்ரா வேலைக்குப் போயிருந்தாள். மில்லிலிருந்து வந்த வடிவு மாவுச் சம்படத்தை நடுவீட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“எண்ணே, மில் அண்ணாச்சி என்னையப் பிடிச்சாரு.”

“என்ன பிடிச்சாரு?”

வடிவு தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “இங்கன. பெறவு இங்கன. கதவைச் சாத்திட்டாரு. விடுங்கனு சொன்னேன். மெஷின் சத்தத்துல அவருக்குக் கேக்கல போல.”

சுந்தரபாண்டி எழுந்து அவள் பின்னால் போய்ப் பார்த்தார். காப்பிக்கலர் ஜாக்கெட்டின் முதுகில் மாவு. சிந்திய மாவு அல்ல. விரல் விரலாகப் பதிந்திருந்தது.

அவருக்கு எல்லாம் அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. தங்கை பொய் சொல்ல மாட்டாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“இதுக்கு முந்தியும் இப்பிடிச் செஞ்சாரா?”

“ம்.”

“எப்பம்?”

வடிவு கண்ணை மேலே தூக்கினாள். நினைவைத் தேடும்போது அப்படித்தான் செய்வாள். தேடி எடுத்துவிட்டாள் என்பதும் அவள் முகத்தில் தெரிந்தது. “மைனி அன்னைக்கு…” என்று ஆரம்பித்தாள்.

“மைனி இருக்கட்டும். கெழமை சொல்லு. எந்தக் கெழமை? என்ன தேதி?”

குரல் ஸ்டேஷன் குரலாக இருந்தது. வடிவு வாயை மூடிக்கொண்டாள்.

“தேதி தெரியுமா தெரியாதா?”

“தெரியாது.”

“பாத்தியா. ஒனக்கே தெரியல. தெரியாத விசயத்த வெளிய சொல்லக் கூடாது. யார்ட்டயும் சொல்லாத. மைனிட்டயும் சொல்லாத. சரியா?”

“சரி” என்றாள் வடிவு. யார் எதைச் சொன்னாலும் அவள் சரி என்றுதான் சொல்லுவாள். அப்படிச் சொன்னால்தான் நல்ல பிள்ளை என்று அம்மா பழக்கிவைத்திருந்தாள்.

அவளை வேறு ஜாக்கெட் மாற்றிக்கொண்டு வரச்சொன்னார். கழற்றியதை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய், வாளியில் முக்கி, தன் கையாலேயே கசக்கினார். இருபது வருடம் போலீஸில் இருந்தவருக்கு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இல்லை. வடிவைப் போன்றவர்களிடம் வீட்டுக்கே போய், அவர்கள் பேச்சு புரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதும் தெரியும். ஆனால் கோர்ட்டும் தெரியும். எதிர்க்கட்சி வக்கீல் வடிவை நிற்கவைத்து என்னென்ன கேட்பான், அவள் எதற்கெல்லாம் ‘சரி’ சொல்லுவாள், தெரு என்ன பேசும் என்றெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். தங்கையின் நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று மாவு கரையும்வரை சொல்லிக்கொண்டே கசக்கினார்.

சாயங்காலம் மில்லுக்குப் போனார். போகிற வழியெல்லாம் கை பரபரவென்றிருந்தது. குற்றாலிங்கம் அண்ணாச்சி அவரைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு, தோள் துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

“வா ஏட்டையா, உக்காரு. ஜெயசித்ரா சௌக்கியமா?” எதிர்க்கடையிலிருந்து ஒரு கலர் சோடா வாங்கிவந்து கையில் கொடுத்தார்.

சுந்தரபாண்டி பாட்டிலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வடிவை இனிமே அனுப்பல அண்ணாச்சி.”

அதற்கு மேல் ஏதும் வருகிறதா என்று அண்ணாச்சி பார்த்தார். பிறகு முகம் லேசாகிவிட்டது. “நானே சொல்லணும்னு இருந்தேன். வளந்த பிள்ள. காலம் கெட்டுக் கெடக்கு. வீட்டோட வச்சிக்கிடறதுதான் அதுக்குப் பாதுகாப்பு.”

சுந்தரபாண்டி கலரைக் குடித்து முடித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஜெயசித்ராவிடம், “இனிமே வடிவைத் தனியா எங்கயும் விடாத. நாயும் லாரியுமாக் கெடக்கு ரோட்டுல. வீட்டோட இருக்கறதுதான் அவளுக்குப் பாதுகாப்பு” என்றார். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

அதிலிருந்து வடிவின் உலகம் வாசல் கேட்டோடு முடிந்தது. பால் வீட்டுக்கே வந்தது. மாவு பாக்கெட்டில் வந்தது. சாரல் காலத்தில் தெருப் பெண்கள் துண்டும் மாற்றுத்துணியுமாக வந்து, “வடிவு, வாரியா?” என்று கூப்பிட்டார்கள். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். “காய்ச்சல் வந்துரும்” என்றார் அண்ணன். அடுத்த வருடம் கூப்பிட ஆள் வரவில்லை.

ஒருநாள் அவள் கேட்டாள். “எண்ணே, நான் கெட்ட பிள்ளையா?”

“யாருட்டி அப்பிடிச் சொன்னா?”

“யாரும் சொல்லல. வெளிய விட மாட்டேங்கியே, அதான் கேட்டேன்.”

சுந்தரபாண்டி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

வருடங்கள் போயின. வடிவின் உடம்பு பெருத்தது. பேச்சு குறைந்தது. இடையில் சுந்தரபாண்டிக்குத் தூத்துக்குடிக்கு மாறுதல் வந்தது. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, லீவு கிடைத்தால் வந்துபோனார். அந்தச் சமயத்தில்தான் ஜெயசித்ரா, பக்கத்து ஊரான இலஞ்சியில் முஹ்ஸினா என்ற பெண் நடத்திய மையத்தில் வடிவைச் சேர்த்தாள். வடிவைப் போன்றவர்கள் இருபது முப்பது பேர் அங்கே வந்தார்கள். காலையில் வேன் வந்து கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடும். “காகிதப் பை ஒட்டுதா. பொழுது போகுது” என்று போனில் சொன்னாள் ஜெயசித்ரா. வேன் வாசலுக்கே வருகிறது என்பதால் சுந்தரபாண்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

பை ஒட்டியதும் உண்மைதான். ஆனால் மதியத்துக்கு மேல் அங்கே வேறு பாடம் நடந்தது. யாராவது தொட்டால் என்ன செய்வது, கடைக்காரர் மிரட்டினால் யாரிடம் போவது, பஸ்ஸில் போன் தொலைந்தால் யாரைக் கேட்பது என்று படம் வைத்துப் பேசினார்கள், நடித்துப் பார்த்தார்கள். ‘வேண்டாம்’ என்று சத்தமாகச் சொல்லிப் பழகினார்கள். வடிவுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வருவதற்கே பல மாதம் பிடித்ததாக முஹ்ஸினா பின்னால் சொன்னாள். வந்த பிறகு நிற்கவில்லை. ஒரு தடவை லீவில் வந்த சுந்தரபாண்டி தட்டில் மீனை வைத்தபோது, “வேண்டாண்ணே. எனக்கு மீன் பிடிக்காது” என்றாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் தின்றாளே!

“அங்கன போயி வாய் வளந்துட்டு” என்றார் மனைவியிடம்.

“வளரட்டும்” என்றாள் ஜெயசித்ரா.

குற்றாலிங்கம் அண்ணாச்சி மாரடைப்பில் போனது அதற்குப் பிறகு. சுந்தரபாண்டி தூத்துக்குடியிலிருந்து லீவு போட்டு வந்தார். மாலை போட்டார். பாடைக்குத் தோள் கொடுத்தார். திரும்பிவந்து குளித்துவிட்டு நின்றபோது வடிவு கேட்டாள். “நெசமாவே செத்துட்டாரா? திரும்பி வர மாட்டாருல்லா?”

“வர மாட்டாரு.”

வடிவு வாசலுக்குப் போனாள். கேட்டைத் தானே திறந்தாள். தெருவில் இறங்கி, மில் இருந்த பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். சுந்தரபாண்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூப்பிடவில்லை.

அதன் பிறகு அவருக்கு எஸ்.எஸ்.ஐ. பதவி உயர்வோடு சொந்த ஊர்ப் பக்கமே மாறுதல் கிடைத்தது. ஒரு நாள், மாற்றுத்திறனாளிகளிடம் புகார் வாங்குவது எப்படி என்று போலீஸ்காரர்களுக்கு வகுப்பு, ஸ்டேஷனுக்கு இரண்டு பேர் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. இடம், தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம். மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார் சுந்தரபாண்டி. யாராவது ஒரு டாக்டரோ வக்கீலோ பேசுவார், டீ வரும், போய்விடலாம் என்பதுதான் எண்ணம்.

மேடையில் முஹ்ஸினா மைக்கைப் பிடித்தாள். “இன்னைக்கு நான் வகுப்பெடுக்கல. எங்க மையத்துல உள்ளவங்க எடுப்பாங்க. நான் பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான்.”

பக்கவாட்டுக் கதவு வழியாக இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி இளம்பெண், சஃப்ரின். கையில் பெரிய படங்கள் வைத்திருந்தாள். இன்னொருத்தி பச்சைச் சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்து, மெதுவாகப் படி ஏறினாள். வடிவு.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் அண்ணனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கண்ணை எடுத்து மற்றவர்களையும் பார்த்தாள்.

“என் பேரு வடிவம்மாள். எனக்குக் கெழமை தெரியாது. மணி தெரியாது. நடந்தது தெரியும்” என்றாள். மைக் கொஞ்சம் இரைந்தது. அவள் அது அடங்கும்வரை நின்றாள். “நாங்க ஸ்டேஷனுக்கு வந்தா எங்ககிட்ட கேளுங்க. கூட வந்தவங்ககிட்ட கேக்காதீங்க. மெதுவாக் கேளுங்க. ஒண்ணொண்ணாக் கேளுங்க. கெழமை கேக்காதீங்க. அன்னைக்கு என்ன சாப்ட்ட, மழை பேஞ்சுதா, யாரு வீட்டுக்கு வந்தானு கேளுங்க. நாங்க சொல்லுவோம்.”

முன்வரிசையிலிருந்த ஓர் இளம் எஸ்.ஐ. மரியாதையாகவே எழுந்து கேட்டார். “அது சரிம்மா. ஆனா கேஸ்னு வந்தா தேதி வேணும்லா?”

வடிவு முஹ்ஸினாவைத் திரும்பிப் பார்த்தாள். முஹ்ஸினா வாய் திறக்கவில்லை. வடிவே சொன்னாள். “தேதிய நீங்க கண்டுபிடிங்க. அது உங்க வேலை.”

மண்டபம் சிரித்தது. எஸ்.ஐ.யும் சிரித்துவிட்டார். “சரிம்மா. நானே கேட்டுப் பாக்கேன். உங்களுக்கு நடந்த ஒண்ணச் சொல்லுங்க.”

“சொல்லுதேன். எங்க தெருவுல ஒரு ஆளு என்னையப் பிடிச்சாரு. கதவைச் சாத்திட்டுப் பிடிச்சாரு.”

சிரிப்பு நின்றுபோனது. எஸ்.ஐ. குரலைத் தணித்துக்கொண்டார். “அன்னைக்கு மழையாம்மா?”

“சாரல். முந்துன நாளு ஐந்தருவியில வெள்ளம். குளிக்க விடல. எங்க வீட்டு ஆளு ஒருத்தரு அங்கன டூட்டி பாத்துட்டு நனைஞ்சு வந்தாரு. மைனி மிளகுக் கஷாயம் போட்டுக் குடுத்தா. மறுநாளு காலையில இட்லி. மைனி வேலைக்குப் போனா. நான் மில்லுக்குப் போனேன்.”

“வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டா பேப்பர்ல வந்திருக்கும். டூட்டி போட்டதும் ஸ்டேஷன்ல இருக்கும்” என்றார் எஸ்.ஐ., பக்கத்திலிருந்தவரிடம். “தேதி கிடைச்சிருச்சே!” பிறகு வடிவிடம் கேட்டார். “இத அப்பவே யார்ட்டயாவது சொன்னீங்களாம்மா?”

“எங்க வீட்டு ஆளுட்ட சொன்னேன். அவருக்கு என்ட்ட எப்பிடிக் கேக்கணும்னு தெரியும். சின்னதுல இருந்தே தெரியும். ஆனா அன்னைக்குக் கெழமை கேட்டாரு. எங்ககிட்ட கெழமை கேட்டா, நீ சொல்லாதனு அர்த்தம்.”

சஃப்ரின் அடுத்த படத்தைத் தூக்கிக் காட்டினாள். வகுப்பு மேலே நடந்தது. சுந்தரபாண்டிக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் தங்கையைத் தேடிப் போனார். மண்டபத்தின் பின்பக்கம், பந்தி நடக்கும் இடத்தில், வடிவும் சஃப்ரினும் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

“என்னட்டி இது. இங்கன பேசப் போறேன்னு என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“ஒன்ட்ட சொன்னேம்லா” என்றாள் வடிவு.

மாவுச் சம்படத்தோடு வந்து சொன்ன அந்த நாளைச் சொல்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் இறங்கியது. “அந்த ஆளுதான் செத்துட்டாருல்லா. இப்பம் போயி ஏன்?”

“சஃப்ரினும் மில்லுக்குப் போனா.”

சுந்தரபாண்டி சஃப்ரினைப் பார்த்தார். அவள் டீக் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் போகாம ஆனதுக்குப் பெறவு” என்றாள் வடிவு. “அவ வீடு மில்லுக்குப் பின்னால. அவளுக்கும் அப்பிடித்தான். நெறைய நாளு.” பிறகு சஃப்ரினிடம் திரும்பி, “சுண்டல் இன்னும் வாங்கட்டாட்டி?” என்று கேட்டாள்.

“போதும் வடிவக்கா” என்றாள் அந்தப் பெண்.

சுந்தரபாண்டி வாளியில் கசக்கிக் கரைத்த மாவில் இந்தப் பெண்ணின் காலமும் சேர்ந்து கரைந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து ஜெயசித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜாக்கெட்டைத் துவைத்ததையும் சொன்னார், கலர் குடித்ததையும் சொன்னார். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுசன் செஞ்சத அவ மையத்துக்குப் போன புதுசுலயே என்ட்ட சொல்லிட்டா. ஒங்களுக்குத் தெரிஞ்சா உசுர விட்டுருவீங்கன்னு நெனச்சு நாந்தான் மறைச்சேன்” என்றாள். “ஒங்ககிட்ட சொன்னத மட்டும் அவ என்ட்ட சொல்லல. ஒங்களக் காட்டிக் குடுக்கல பாருங்க.”

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. அன்றைக்குச் சோறு எடுத்துவைத்துவிட்டு எழுந்து போனாள். தன் கல்யாணத்தைப் பேசி முடித்தவரின் பேரை அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

மறுநாள் சுந்தரபாண்டி தனக்குத் தெரிந்த வக்கீலிடம் போய் விசாரித்தார். செத்தவன் மேல் வழக்கு நிற்காது என்பது அவருக்கே தெரிந்த சங்கதிதான். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. திரும்பிவந்து, துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“வடிவு, அண்ணன் செஞ்சது பெரிய தப்பு. எனக்கு எல்லாம் தெரியும் அன்னைக்கே. தெரிஞ்சேதான் ஒன் வாய அடைச்சேன். என்னைய மன்னிச்சிருட்டி.”

சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். மீனைத் தவிர மற்றதற்கெல்லாம், நாற்பதைத் தொடப்போகும் வயதுவரை அவள் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

வடிவு ஒரு துண்டை நான்காக மடித்து ஓரம் சரிபார்த்தாள். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள்.

அவள் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. வேறொன்றைச் சொன்னாள். இலஞ்சியில் மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள், நான்கு பெண்கள் சேர்ந்து இருக்கப்போகிறார்கள், துணைக்கு ஓர் அம்மா தங்குவாள், சமையல் முறை வைத்துச் செய்ய வேண்டும், தானும் போகப்போகிறேன் என்றாள். கேட்பதுபோல் இல்லை, சொல்வதுபோல் இருந்தது.

“அங்கன யாரு என்னனு தெரியாம எப்பிடிட்டி? இங்கன இருந்தா ஒனக்குப் பாது…” சுந்தரபாண்டி பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதி வார்த்தைக்காக வடிவு காத்திருக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் வைக்க அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்றாள். சுவரிலிருந்து கழற்றித் துடைத்துக் கொடுத்தார்.

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இலஞ்சிக்குப் போய்வந்தார். அந்த வீட்டில் வாசலில் நின்று மணியடிக்க வேண்டும். வந்தவரைப் பார்க்க விருப்பமா என்று உள்ளே கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். பெரும்பாலும் வடிவு வருவாள், வெளியே வந்து நின்று பேசுவாள். என்ன சமைத்தாள், யாரோடு சண்டை என்று சொல்லுவாள். சில நாள், “இன்னைக்கு முடியாதுண்ணே, வேலை கெடக்கு” என்று உள்ளிருந்தே குரல் வரும். ஜெயசித்ரா கொடுத்துவிட்ட முறுக்கை அங்கே கொடுத்துவிட்டுத் திரும்புவார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் வெளியே பார்க்க மனம் இருக்காது. இத்தனை பேச்சு அவளுக்குள் இருந்திருக்கிறது, தன் வீட்டுச் சுவருக்குள் அத்தனை வருடம் அது வாய் மூடிக் கிடந்திருக்கிறது என்பதை நினைப்பார்.

அந்த ஆண்டு சாரல் நன்றாக விழுந்தது. ஐந்தருவியில் கூட்டம் தாங்கவில்லை. சுந்தரபாண்டிக்கு அங்கேதான் பாதுகாப்பு டூட்டி. ஆண்கள் பக்க வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவர், பெண்கள் பக்கம் வடிவு வருவதைப் பார்த்தார். கூட சஃப்ரின், இன்னும் இரண்டு பேர். தண்ணீருக்குள் போனார்கள். அருவியின் இரைச்சலில் எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. வடிவின் பழைய சிரிப்பு கேட்கிறதா என்று சுந்தரபாண்டி காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

அவர்கள் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கரையேறிய நேரத்தில்தான் அது நடந்தது. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்ற ஒருவன் போனைத் தூக்கிச் சஃப்ரினைப் படம் பிடித்தான். சஃப்ரின் முகத்தை மூடிக்கொண்டாள். வடிவு அவனைப் பார்த்துக் கையை நீட்டி, “வேண்டாம்! எடுக்காத!” என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

சுந்தரபாண்டி லத்தியை இறுக்கிக்கொண்டு இரண்டடி எடுத்துவைத்தார். அதற்குள் வடிவு சுற்றும்முற்றும் பார்த்தாள். யாரிடம் போவது என்று தேடினாள். அவள் பார்வை நேராக அவர்மேல் விழுந்தது. காக்கிச்சட்டையோடு, கூப்பிடு தூரத்தில், அவளுடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவள் பார்த்தாள். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு, சஃப்ரினின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்து, உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில் நின்ற ஓர் இளம் பெண் போலீஸிடம் போய்ச் சொன்னாள்.

அந்தப் பெண் குனிந்து கேட்டாள். வடிவு கையைக் காட்டினாள். பெண் போலீஸ் விறுவிறுவென்று போய் அந்த ஆளின் போனைப் பிடுங்கி, சட்டைக் காலரைப் பிடித்து அவுட்போஸ்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் கொஞ்ச நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சுந்தரபாண்டி எடுத்துவைத்த இரண்டடியிலேயே நின்றார்.

உடை மாற்றிக்கொண்டு நான்கு பேரும் பஸ் ஏற அவர் பக்கமாகத்தான் வந்தார்கள். வடிவின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எண்ணே, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்” என்றார். சாப்பிடவில்லை.

“சஃப்ரின் பயந்துட்டா. இப்பம் சரியாயிட்டா. அந்தப் போலீஸ் பொண்ணு நல்ல பொண்ணு.” வடிவு சேலைத் தலைப்பைப் பிழிந்து உதறினாள். “வாரேண்ணே, பஸ் நிக்கி.”

“தலையத் தொவட்டுட்டி, காய்ச்சல்…” என்று ஆரம்பித்தவர், “பாத்துப் போயிட்டு வா” என்று முடித்தார்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் நான்கு ஈரத்தலைகள் நெருங்கித் தெரிந்தன. எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வரிசையில் யாரோ இருவர் முண்டியடித்துச் சண்டை போட, “சார், இங்கன வாங்க சார்” என்று யாரோ கூப்பிட்டார்கள். சுந்தரபாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.